அம்மா தூக்கிப் பார்த்த மிஷின்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்களைச் சொல்கிறேன். அம்மா. அம்மாவின் தங்கை, எனக்குச் சித்தி. கடைக்காரத் தவுக்கே, வயதான சீனர். அவரிடம் மிஷின் பழுது பார்க்கும் ஒரு தமிழ் அண்ணன். அப்புறம் நான். எனக்கு ஒன்பது வயது.

அப்பா வரவில்லை. ஆனாலும் மனசுக்குள் ஆளை எண்ணும்போது அவரையும் சேர்த்துத்தான் எண்ணினேன். சாயங்காலம் அவர் கேட்பார். நான் சொல்லியாக வேண்டும்.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு கோலாலம்பூருக்கு மேற்கே, காப்பாரில். அப்பா செம்பனை எண்ணெய் மில்லில் ஸ்டோர் கிராணி. எந்தச் சாமானை யார் எடுத்தார்கள், எப்போது திருப்பிக் கொண்டுவந்தார்கள் என்று எழுதி வைக்கிற வேலை. குடிக்க மாட்டார். சிகரெட் கிடையாது. கோயில் கமிட்டியில் இருந்தார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எங்கள் வரிசையில் மற்ற வீடுகளில் சம்பளத்தன்று பெரிய கூச்சலாக இருக்கும். அந்த வீட்டுப் பெண்கள் எங்கள் வீட்டைக் காட்டித் தங்கள் புருஷன்மாரிடம் சொல்வார்கள். "அந்த வீட்டப் பாரு. ஆளு இருக்கா இல்லையான்னே தெரியல. அதுதான் மனுசன்."

ஐந்தரைக்கு வருவார். கால் கழுவுவார். தேத்தண்ணி குடிப்பார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து என்னைக் கூப்பிடுவார்.

"பாப்பா, இங்க வா. இன்னைக்கு என்ன நடந்துச்சு? மொதல்லேருந்து சொல்லு."

நான் அவர் முன்னால் நின்று சொல்வேன். யார் வந்தார்கள். அம்மா எந்தக் கடைக்குப் போனாள். யாரிடம் பேசினாள். அவர் கை என் தலையில் இருக்கும். தடவிக்கொண்டே கேட்பார். முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாய்.

ஒரு முறை, மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் ஏதோ சொன்னதற்கு அம்மா சிரித்ததைச் சொன்னேன். மிட்டாய் கிடைத்தது. மறுநாள் அம்மாவால் இடது கையைத் தூக்க முடியவில்லை. குளிக்கிற இடத்தில் வழுக்கிவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். அந்த மிட்டாயை நான் தின்னவில்லை. பின்னால் போய் மண்ணைத் தோண்டிப் புதைத்தேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு, அந்தக் கடைக்குப் போன நாள் வரை, என் முன்னால் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

அம்மாவுக்குத் தையல் நன்றாக வரும். சுற்றி இருந்த பெண்கள் பிளவுசைப் பிரித்துவிட, பள்ளிக்கூடப் பாவாடை ஓரத்தை இறக்கிவிட, சிலுவார் கால்சட்டையில் இடுப்பைச் சுருக்க என்று கொண்டுவந்து போடுவார்கள். எல்லாம் கைத் தையல்தான். விரல் நுனி சொரசொரவென்று இருக்கும். சித்திக்குக் கிள்ளானில் துணி பேக்டரியில் வேலை. கல்யாணம் ஆகாதவள், வாய் கொஞ்சம் நீளம். அவள்தான் அப்பாவிடம் மிஷின் பேச்சை எடுத்தாள். அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

"கால் மிஷினா வாங்குங்க. இரும்புக் கால் வச்சது. போட்ட எடத்துல கெடக்கணும்."

அவ்வளவுதான் சொன்னார். எங்கள் வீட்டில் அதுவே உத்தரவு.

கடை, கிள்ளானில் பழைய கடைவரிசையில். முன்னால் அஞ்சடி நடைபாதையில் மிஷின் தலைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். உள்ளே மிஷின் எண்ணெய் வாடை. எனக்கு அந்த ஊசிகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சித்தியின் பேக்டரியில் ஒரு பெண்ணுக்கு ஊசி நகத்தோடு இறங்கிவிட்டது என்று சித்தி சோறு தின்னும்போது சொல்லியிருந்தாள்.

சித்தி நேராகக் கரண்ட் மிஷினிடம் போனாள். வெள்ளை நிறம், புதுசு.

"இதப் பாருக்கா. ஜிக்ஜாக் வரும். பட்டன் ஓட்டையும் போடும். காலு வலிக்காது."

பழுது பார்க்கும் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மிஷினைச் சாய்த்து அடிப்பக்கத்தைத் திறந்து காட்டினார்.

"உள்ள பாருங்கக்கா. பல்சக்கரம் பிளாஸ்டிக்கு. மெல்லிசுத் துணிக்குப் பரவால்ல. ஜீன்ஸ் ஓரத்த நாலு மடிப்பு மடிச்சுக் குடுத்தீங்கன்னா, ஒரு வருசம். அப்புறம் எங்கிட்டதான் வரணும். எனக்கு நல்லதுதான்."

தவுக்கேக்குத் தமிழ் புரியும் போலிருக்கிறது. "ஜாகா முலுட் லா!" என்று மலாயில் அதட்டினார். வாயைப் பார்த்துப் பேசு என்று அர்த்தம். அண்ணன் காதில் விழாத மாதிரி அடுத்த மிஷினுக்குப் போனார்.

அது கால் மிஷின். கறுப்புத் தலை, கீழே இரும்புக் கால். பழசுதான். ஆனால் அப்பா சொன்னது அதைத்தான். அம்மா பையிலிருந்து தான் கொண்டுவந்த துணிகளை எடுத்தாள். ஒரு ஜீன்ஸ் கால், ஒரு பிளவுஸ் லைனிங், பழைய துண்டு ஒன்று. முதலில் நூல் கோக்காமல் ஒரு தாளில் ஓட்டினாள். தாளை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளைப் பார்த்தாள். எல்லாம் ஒரே கோட்டில் இருந்தன. சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. நூல் கோத்து லைனிங்கில் ஓட்டினாள், சுருங்கவில்லை. ஜீன்ஸை மடித்து, மடித்ததை இன்னொரு முறை மடித்துக் கொடுத்தாள். ஊசி நிற்காமல் போனது. துணியைத் திருப்பிப் பார்த்தாள். மேலே எப்படியோ கீழேயும் அப்படி.

"இதுதான்கா," என்றாள் சித்தி. "அத்தான் சொன்னதும் இதுதான். லோரி சொல்லிடலாம்."

அம்மா இரும்புக் காலை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அண்ணனிடம் கேட்டாள்.

"தம்பி, இதே தலையில கை மிஷின் இருக்கா?"

அவர் உள்ளேயிருந்து ஒரு மரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மேல்மூடி வளைந்திருந்தது. மேலே ஒரு கைப்பிடி, பக்கத்தில் ஒரு பூட்டு. மூடியை எடுத்தார். உள்ளே அதே கறுப்புத் தலை. வலது பக்கம் சுற்றுகிற கை.

"தலை அதேதான்கா. கரண்டு வேணாம், பெல்ட்டு வேணாம். கெட்டுப்போறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல. நம்ம செத்தாலும் இது ஓடும். ஆனா ஒண்ணு, வேல மெதுவாத்தான் நடக்கும்."

"என்னக்கா நீ?" என்றாள் சித்தி. "ஒரு கை சுத்தவே போயிடும். மிச்சம் ஒரு கையில ஜீன்ஸ எப்படிப் பிடிப்ப? ஆளுங்க துணி குவிச்சுக்கிட்டு நிப்பாங்க. அத்தான் வேற கால் மிஷின்னு சொல்லியிருக்காரு."

அம்மா என்னைப் பார்த்தாள்.

"இவ சுத்துவா."

என்னை முக்காலியில் உட்கார வைத்தார்கள். ஜீன்ஸ் மடிப்பை அம்மா இரண்டு கையாலும் பிடித்து ஊசிக்கடியில் வைத்தாள். விரல் ஊசிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"நான் சொன்னா சுத்து. நிறுத்துன்னா நிறுத்து. நான் சொல்றதுக்கு முன்னாடியும் வேணாம், அப்புறமும் வேணாம். வெளங்குதா?"

சுற்றினேன். ஊசி இறங்கியது, ஏறியது. நான் அம்மாவின் விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்து என்றாள். நிறுத்தினேன். துணியைத் திருப்பிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

மூடியைப் போட்டுப் பூட்டினாள். திறந்தாள். மறுபடியும் பூட்டினாள். பிறகு எழுந்து, கைப்பிடியை வலது கையால் பிடித்து, பெட்டியைத் தூக்கினாள். தூக்கிக்கொண்டு கடைக்கு வெளியே போனாள்.

அஞ்சடியில் நடந்தாள். பக்கத்து மருந்துக் கடையைத் தாண்டினாள். துணிக்கடையைத் தாண்டினாள். கடைசித் தூண் வரைக்கும் போனாள். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை. தவுக்கே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஏய், ஏய்! பெலும் பாயார்!" இன்னும் காசு கட்டவில்லை என்று கத்தினார்.

அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஓடுறாங்க தவுக்கே, பிடிங்க, பிடிங்க!"

அம்மா தூணைச் சுற்றித் திரும்பி வந்தாள். எங்கேயும் கீழே வைக்கவில்லை. முகம் வேர்த்திருந்தது.

"என்னக்கா, தூக்கிட்டு ஓடிப்போறதுக்கா பாக்குறீங்க?" என்று அந்த அண்ணன் கேட்டார்.

அம்மா சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். சத்தம் வந்தது. வாயை மூடுகிற வலது கையில் பெட்டி இருந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. மீன்காரர் ஞாபகம் வந்தது. சாயங்காலம் கேட்பாரே. இந்தச் சிரிப்பைச் சொல்லக்கூடாது. எது வேண்டுமானாலும் சொல்லலாம், இதை மட்டும் சொல்லக்கூடாது. அங்கேயே நின்று மனசுக்குள் வரிசையாக அடுக்கினேன். பஸ், கடை, தவுக்கே, வெள்ளை மிஷின், தாள், ஜீன்ஸ். சிரிப்பு வருகிற இடத்தை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து அடுக்கினேன்.

பஸ்ஸில் பெட்டி அம்மாவின் காலடியில் இருந்தது. சித்தியும் எங்களோடு காப்பார் வரைக்கும் வந்தாள். வழியெல்லாம் எனக்குப் பாடம்.

"கால் மிஷின் ஏன் வாங்கலன்னு அப்பா கேட்டா என்னா சொல்லுவ?"

"இரும்புக் கால்ல வெடிப்பு."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"எந்தப் பக்கம்?"

எனக்குத் தெரியவில்லை. இல்லாத வெடிப்பு எந்தப் பக்கம் இருக்கும்?

"எடது பக்கம்டி, கழுத! இப்புடி முழிச்சா எல்லாரும் மாட்டுவோம்லா."

"விடு, அவளப் படுத்தாத," என்றாள் அம்மா. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் கைப்பிடியின் தடம் சிவப்பாக இருந்தது.

ஐந்தரைக்கு அப்பா வந்தார். பெட்டி ஹாலில் இருந்தது. பார்த்தார். கால் கழுவினார். தேத்தண்ணி குடித்தார். சித்தி அதற்குள் போய்விட்டிருந்தாள். அம்மா அடுப்படியில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, இங்க வா. மொதல்லேருந்து சொல்லு."

கை தலைக்கு வந்தது. நான் சொன்னேன். பஸ்ஸில் ஏறினோம். கடைக்குப் போனோம். வெள்ளை மிஷினில் பிளாஸ்டிக். கால் மிஷினில் தாள் ஓட்டினார்கள். இரும்புக் காலில் வெடிப்பு, இடது பக்கம். அதனால் கை மிஷின். நான்தான் சுற்றினேன். ஜீன்ஸ் தைத்தோம்.

"அப்புறம்?"

அப்புறம் சிரிப்பு. அதைத் தாண்டியாக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தாண்டினேன். கையில் கிடைத்ததைச் சொன்னேன்.

"அம்மா பொட்டியத் தூக்கிட்டு நடந்து பாத்தாங்க."

தலையில் தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"எதுக்கு?"

"தெரியலப்பா."

அது நிஜம். எனக்குத் தெரியாது. அடுப்படியில் கரண்டிச் சத்தமும் நின்றிருந்தது.

அப்பா எழுந்தார். பெட்டியிடம் போனார். ஒரு கையால் தூக்கினார், கீழே வைத்தார். கைப்பிடியை ஒரு முறை விரலால் தடவினார்.

"கனமா இருக்கே. எப்படித் தூக்கின?"

என்னைக் கேட்கவில்லை. அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"எங்கங்க தூக்க முடிஞ்சுது? ரெண்டு எட்டு வச்சேன். முடியல, கீழ வச்சுட்டேன். கட்டிலுக்கு அடியில தள்ள முடியுமான்னுதான் பாத்தேன். கோயில் ஆளுங்க வந்தா ஹாலுல எடம் அடைக்கக் கூடாதுல்ல."

நான் அம்மாவைப் பார்த்தேன். இரண்டு எட்டு இல்லை. கடைசித் தூண் வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள். நான் பார்த்தேன். சிரித்ததை மறைத்தால் புரியும். நடந்ததை எதற்கு மறைக்கிறாள்?

அப்பா திரும்பினார். குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார்.

"அப்படியா பாப்பா? ரெண்டு எட்டுதானா?"

அவர் குரல் நன்றாகத்தான் இருந்தது. எப்போதும் போல. விரல்கள் என் பின்கழுத்தில் இருந்தன. அம்மா என்னைப் பார்க்கவில்லை. பெட்டியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க ஒன்றும் இல்லை.

"ஆமாப்பா," என்றேன். "ரெண்டு எட்டு. அப்புறம் கீழ வச்சுட்டாங்க. கை செவந்துருச்சு. சித்தி ஏசுனாங்க."

சித்தி ஏசினாள் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எங்கிருந்து வந்ததோ.

அப்பா என்னையே பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு மூக்கு வழியாகச் சிரித்தார்.

"மிஷின் வாங்கப் போனவ, தேங்காய்க் கடையில தேங்காயத் தூக்கிப் பாக்குற மாதிரி பாத்திருக்கா. பொம்ம மிஷினு. இதுல என்னாத்தத் தச்சுக் கிழிக்கப் போற?"

அம்மாவும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். எனக்கு மிட்டாய் கிடைத்தது. தின்றேன். கரண்டிச் சத்தம் மறுபடி கேட்க வெகு நேரம் ஆனது.

அந்த மிஷினில் அம்மா தைத்தாள். நான் சுற்றினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் வேலை அதுதான். யார் யார் துணி கொண்டுவந்தார்கள் என்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். ஒருவர் இருவரை விட்டுவிட்டுச் சொன்னேன். விடச் சொல்லி அம்மா கேட்கவில்லை. நானாக விட்டேன். ஒவ்வொரு முறை விடும்போதும் பின்கழுத்து சில்லென்று ஆகும்.

தீபாவளி முடிந்து பள்ளி விடுமுறை. ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். அம்மா எனக்குத் தலை வாரி, பள்ளிக்கூடச் சப்பாத்தைப் போடச் சொன்னாள். மிஷினை மூடிப் பூட்டினாள்.

"எங்கம்மா?"

"மிஷின் ரிப்பேர்."

முந்தின நாள்தான் மூன்று சிலுவார் தைத்திருந்தோம். மிஷினுக்கு ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும். சப்பாத்தைப் போட்டேன்.

முன்வாசல் வழியாகப் போகவில்லை. பின்னால் இறங்கி, செம்பனை ஓரமாக நடந்து, பெரிய ரோட்டுக்குப் போனோம். வலது கையில் பெட்டி. இடது கையில் நான். எங்காவது மோட்டார் சத்தம் கேட்டால் அம்மாவின் விரல் என் கையை இறுக்கும். சத்தம் தாண்டிப் போனதும் தளரும். பெட்டியை அவள் கை மாற்றவே இல்லை. மாற்ற வேண்டுமென்றால் என்னை விட வேண்டும்.

கிள்ளானில் பஸ் மாறினோம். அங்கே சித்தி நின்றிருந்தாள். ஒரு சோற்றுப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனாள். அவ்வளவு பேசுகிறவள். கோலாலம்பூரில் மறுபடி பஸ் மாறினோம். கடைசியில் ரவாங். அங்கே ஒரு கடைக்கு மேலே அறை. அம்மா பெட்டியைத் திறந்தாள். மிஷினுக்குப் பக்கத்தில் அவளுடைய ஐசி அடையாள அட்டை, என் பிறப்புப் பத்திரம், எனக்கு ஒரு சட்டை. வேறு எதுவும் வரவில்லை.

அங்கே போன பிறகும் ஐந்தரை ஆனால் எழுந்து நிற்பேன். பஸ், கடை, யார் வந்தார்கள் என்று மனசுக்குள் அடுக்குவேன். யாரும் கூப்பிடவில்லை. மிஷின் ரிப்பேர் எப்போது முடியும் என்று அம்மாவை ஒரு முறை கேட்டேன். "சுத்து," என்றாள். சுற்றினேன்.

ரவாங் பேக்டரிப் பெண்களின் சிலுவார்களையெல்லாம் அம்மா அந்த மிஷினில்தான் குட்டையாக்கினாள். ஆறாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டேன். முழு நாளும் சுற்றினேன். பக்கத்துக் கடையில் ஒருவர் கால் மிஷின் வைத்திருந்தார். நாங்கள் ஒன்று முடிப்பதற்குள் அவர் மூன்று முடிப்பார். அந்த நல்ல கால் மிஷினை விட்டுவிட்டு இதை எடுத்தாளே என்று வெகு காலம் அம்மா மேல் எனக்குக் குறை இருந்தது. ஒரு முறை வாய் விட்டும் சொன்னேன். அவள் நூலைக் கடித்துக்கொண்டு, "ஆமா, மெதுவாத்தான் ஓடுது," என்றாள்.

எதற்காகத் தூக்கிப் பார்த்தாள் என்று கடையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அப்பா முன்னால் நான் சொன்ன பொய்யை எதற்கென்று தெரியாமலே சொன்னேன்.

அம்மா இறந்து ஏழு வருடம். மிஷின் என்னிடம்தான் இருக்கிறது. இன்னும் ஜீன்ஸ் தைக்கும். போன வாரம் எண்ணெய் போடலாம் என்று அலமாரி மேலிருந்து இறக்கினேன். நான் அம்மாவை விடப் பெரிய உடம்பு. அறையிலிருந்து ஹாலுக்கு வருவதற்குள் இரண்டு முறை கீழே வைத்தேன். மகளின் எடை பார்க்கும் மிஷின் அங்கே கிடந்தது. பூட்டிய பெட்டியோடு அதன் மேல் தூக்கி வைத்துப் பார்த்தேன்.

பதினாறு கிலோ.